மார்கழிக் கச்சேரிக்குப் போகும் பெண்கள் எங்கே தங்குவது?

சென்னைக்குப் போகிறோம் என்று எமது ஊரில் யாருக்காவது சொன்னால் இரண்டு கேள்விகள்தான் வரும். முதலாவது, “ஆருக்கு வருத்தம்?” இரண்டாவது, “ஆற்றை வீட்டிலை நிக்கப் போறியள்?” கண் சத்திரசிகிச்சை, கூறைச்சேலை, கோயில் நேர்த்தி, வெளிநாட்டு அலுவல் என்று இவற்றுக்காகவே நாம் சென்னைக்குப் போய்ப் பழகியிருக்கிறோம். மூன்று பெண்கள் ஆண்துணை இல்லாமல் பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்றால், அதைக் கேட்பவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் அடுத்த கதைக்குப் போவார்.

இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்பவர்களின் காரணம்தான் வேறு. ஒரு பெண் எங்கே போனாள் என்பதைவிட எங்கே படுத்தாள் என்பதையே ஊர் நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அவள் கணவனை இழந்தவள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கும். ஆனால் ஊர் வாயை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், மார்கழிக் காலத்தில் சென்னைக்குப் போகிறவருக்கு எந்தப் பகுதியில் தங்குவது என்பதே பயணத்தின் பாதி. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2017 ஒக்டோபரில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டம் வருவதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாநாடு நடந்தபோது அதனுடன் ஓர் இசை மகாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928 இல் சென்னை மியூசிக் அக்கடமி பிறந்தது. இன்று டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து புதுவருடம் வரைக்கும், அதற்கு முன்னும் பின்னுமாக, நகரம் முழுவதும் ஏராளமான சபாக்களில் கச்சேரிகள் நடக்கின்றன. காலை எட்டு மணிக்கு விரிவுரையும் செயல்விளக்கமும். மத்தியானம் இளம் பாடகர்கள். நாலு மணிக்கு ஓரளவு பெயர் பெற்றவர்கள். இரவு ஏழு மணியளவில் மூத்தவர்கள். இரவுக் கச்சேரி முடியும்போது ஒன்பது, சிலவேளை ஒன்பதரை. அந்த நேரத்தில் தெருவில் இறங்கினால் படுக்கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? காலையில் எட்டு மணி விரிவுரைக்கு வருவதற்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்? மத்தியானம் கால் நீட்ட இடம் உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மலிவான அறை ஒன்றைப் பிடித்தால் அந்த மிச்சம் முழுவதும் ஓட்டோவுக்குப் போய்விடும்.

நாங்கள் போனது 2024 டிசம்பரில். பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் சென்னையில் இறங்கிவிடலாம். பலாலி–சென்னை விமானம் 2019 நவம்பரில் தொடங்கிக் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் கொழும்புக்கு ஒரு இரவு பஸ்சில் போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது.

எங்களில் மூத்தவர் பாட்டு ரீச்சர். இசைக் கல்லூரியில் படித்து, வன்னியில் பாடசாலைகளில் கற்பித்து, இப்போது ஓய்வூதியத்தில் இருப்பவர். 2009 இல் கணவரையும் கடைசி மகனையும் இழந்தார். அதற்குப் பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தாரே தவிர, தனக்கென்று ஒரு வரி பாடியதைக் கேட்டவர் இல்லை. மற்றவள் அவரிடம் படித்த தங்கச்சி. பன்னிரண்டு வயதில் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், நன்றாகப் பாடுவாள். மூன்றாவது ஆள் நான். பாட்டில் எனக்குப் பெரிய ஞானம் இல்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பாடியது நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் ரீச்சர் திருச்சி வானொலியின் கச்சேரிகளை அப்படித்தான் கேட்டவராம். நல்ல இடம் வரும்போது சுற்றுகிற பெடியன் களைத்துப் போவானாம். இதை அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் இந்தப் பயண யோசனையே வந்தது. சீட்டுக்காசு எடுத்தோம். இரண்டு வருடம் பிடித்தது.

ஒரு காகிதத்தில் சென்னையை வரைந்து சபாக்களைப் புள்ளி வைத்துப் பார்த்தேன். எங்கே புள்ளிகள் நெருங்குகின்றன என்று பார்த்தால் விடை தானாகவே வந்துவிடும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, இராயப்பேட்டையின் தெற்குப் பக்கம், பிறகு தியாகராய நகர். மியூசிக் அக்கடமியும் நாரத கான சபாவும் ரி.ரி.கே. சாலையில். மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா எல்லாம் மயிலாப்பூருக்குள். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தியாகராய நகரில். கலாக்ஷேத்திரா மட்டும் விலகித் தெற்கே திருவான்மியூரில். தமிழ் இசைச் சங்கம் எதிர்த்திசையில், பாரிமுனைப் பக்கத்தில்.

ஆனால் எமது ஆட்களுக்கு இந்தப் புள்ளிகளுக்கு முன்னரே இன்னொரு புள்ளி விழுந்துவிடும். அது வளசரவாக்கம்.

ஆற்காடு சாலையில் வடபழனியைத் தாண்டிப் போனால் சாலிகிராமம், வளசரவாக்கம், ஆழ்வார்திருநகர், போரூர் என்று வருகிற பகுதிகளில் 1980களிலிருந்தே ஈழத்துக் குடும்பங்கள் வாடகைக்கு வீடு எடுத்து இருந்து வருகின்றன. எமது பேச்சு, எமது சமையல், எமது சண்டைகள் எல்லாம் அங்கே உண்டு. ரீச்சரின் தங்கை 1990 இல் வள்ளத்தில் போய் மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு வெளிப்பதிவில் அங்கே வந்து சேர்ந்தவர். முப்பத்து நான்கு வருடமாக அக்காவும் தங்கையும் நேரில் பார்த்ததில்லை. நாங்கள் வேறு இடத்தில் அறை எடுக்கப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னதும் அவர் அழத் தொடங்கிவிட்டார். “சொந்தத் தங்கச்சி நான் இருக்க லொட்ஜிலையே நிக்கப் போறியள்? இஞ்சை இருக்கிற சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?”

முதல் இரண்டு இரவுகளை அங்கே தங்குவதென்று முடிவாயிற்று. புட்டும் முட்டைப் பொரியலும், சரக்குத்தூள் போட்ட மீன் குழம்பும், மாடியில் விரித்த புதுப்பாயுமாக எங்களைத் தாங்கினார்கள். அந்த அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீடுகளிலிருந்தும் பின்தெருவிலிருந்தும் ஊர்க்காரர் வந்துகொண்டேயிருந்தார்கள். வந்தவர்கள் ரீச்சரைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். கணவரைப் பற்றிக் கேட்டார்கள், மகனைப் பற்றிக் கேட்டார்கள், கடைசியாக எந்த இடம், எத்தனையாம் திகதி, தூக்க முடிந்ததா என்று கேட்டார்கள். இரண்டு நாளில் ஆறு தடவை அவர் அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009 இல் தங்கள் செத்தவீடுகளுக்கு வர முடியாமல் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அவர்கள். பதினைந்து வருடம் பிந்தி அவர்களுக்கு ஒரு செத்தவீடு கிடைத்திருக்கிறது. அழுது தீர்க்க ஒரு ஆள் வந்திருக்கிறார். அதை நான் வேலை செய்யும் கிராமங்களிலும் பார்த்திருக்கிறேன், இழப்பைச் சொல்லிச் சொல்லித்தான் சிலருக்கு ஆறும். ரீச்சருக்கோ அப்படியில்லை. இரண்டாம் நாள் இரவு பாயில் படுத்திருந்தபடி மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, நாங்கள் பாட்டுக் கேக்க எல்லோ வந்தனாங்கள்.”

தூரமும் ஒரு காரணம். வளசரவாக்கத்திலிருந்து மியூசிக் அக்கடமிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். மாலை நேரத்தில் ஆற்காடு சாலை நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், பனகல் பூங்கா, வடபழனி, வளசரவாக்கம், போரூர் வழியாகப் பூவிருந்தவல்லி வரை மெட்ரோ ரெயில் பாதை ஒன்று போடுகிறார்கள். நாங்கள் போன நேரம் அது கட்டுமானத்தில்தான் இருந்தது. அது முழுவதும் ஓடும் நாளில் இந்தக் கணக்கு மாறலாம். உறவினர் வீட்டில் தங்கியே கச்சேரி கேட்கலாம், அழுவதற்கும் கேட்பதற்கும் நேரம் பிரித்துக்கொள்ளலாம்.

எழும்பூரைப் பற்றியும் சிலர் சொல்லியிருந்தார்கள். எமது பாட்டன் பூட்டன் காலத்துச் சென்னை அதுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, அக்கரையில் போட் மெயில் பிடித்தால் கடைசியாக இறங்குவது எழும்பூர் ஸ்ரேஷன். அதனால் ஸ்ரேஷனைச் சுற்றிய தெருக்களில் இலங்கையர் தங்குவது பழைய பழக்கம். கென்னட் சந்தில் மகாபோதி சங்கத்தின் நிலையமும் இருப்பதால் புத்தகயாவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் அங்கேதான் வருவார்கள். எல்லா விலையிலும் அறை உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பார்த்து அங்கே யாரும் வெருளுவதில்லை. ரெயில், மெட்ரோ எல்லாம் வாசலில். வைத்தியத்துக்கோ வேறு ஊர்களுக்குப் போகவோ வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பாட்டு மட்டும் அங்கே இல்லை. திருவல்லிக்கேணி பெண்களுக்குச் சரிவராது. 1900 ஆம் ஆண்டளவில் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா அந்த ஊரில் பிறந்ததுதான், பாரதியார் கடைசியாக இருந்த வீடும் அங்கேதான். ஆனால் அங்குள்ள ‘மேன்ஷன்கள்’ வேலை தேடி வரும் ஆண்களுக்கென்றே ஏற்பட்டவை.

தியாகராய நகரில் நல்ல விடுதிகள் இருக்கின்றன, இரண்டு பெரிய சபாக்களும் கிட்ட. ரங்கநாதன் தெருவின் சனத்துக்குள் செயற்கைக் காலுடன் ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும். தங்கச்சி நடந்து பார்த்தாள். “அக்கா, இது நல்லூர்த் தேர்த் திருவிழா, ஆனால் ஒவ்வொரு நாளும்” என்றாள்.

ஆகவே மயிலாப்பூர். உண்மையில் அதைத் தீர்மானித்தது தங்கச்சியின் கால். காலை ஆறு மணிக்கு மாட்டுகிற காலை இரவு பத்து மணிவரை கழற்றாமல் இருந்தால் வேர்த்து, உராய்ந்து, புண் வந்துவிடும். மத்தியானத்தில் ஒரு அரை மணித்தியாலமாவது கழற்றிக் காற்றுப்பட விட்டு, துடைத்து, உறையை மாற்ற வேண்டும். அதைச் சபா வாசலில் வைத்துச் செய்ய முடியாது. அதனால் கதவைச் சாத்தக்கூடிய ஒரு அறை, நடக்கும் தூரத்தில், கீழ்த்தளத்தில், கொமட் உள்ள ரொயிலெற்றுடன் வேண்டும். இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டுதான் தேடினேன். பறக்கும் ரெயில் மயிலாப்பூருக்குப் போகிறது, மலிவும்கூட. ஆனால் ஸ்ரேஷன் உயரத்தில் இருக்கிறது. படிகளை எண்ணிய தங்கச்சி அதை விட்டுவிடுவோம் என்றாள்.

அறை கிடைப்பது அவ்வளவு சுலபமாயிருக்கவில்லை. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். லொட்ஜ்காரர் அதற்கான படிவத்தை ‘சி ஃபோர்ம்’ என்பார்கள். பெரிய விடுதிகளில் இது சாதாரண விடயம். சிறிய விடுதிகள் அந்தக் கரைச்சலே வேண்டாம் என்று கையை விரிக்கும். தொலைபேசியில் “அறை இருக்கு, வாங்கம்மா” என்ற ஓர் இடத்தில், கடவுச்சீட்டை நீட்டியதும் அறை நிரம்பிவிட்டது. இன்னொரு இடத்தில் ஆதார் அட்டை கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் எங்கள் பேச்சைக் கேட்டதுமே முகம் மாறியது. 1991 மே மாதத்துக்குப் பின் எமது ஆட்கள் அந்த நகரில் அறைக்கும் வீட்டுக்கும் பட்ட பாட்டை ரீச்சரின் தங்கை சொல்லியிருந்தார். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவரின் கண்ணில் அது முழுவதும் போய்விடவில்லை என்றே எனக்குப் பட்டது.

கடைசியில் கிடைத்தது தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வயதான தம்பதியர் இருக்கும் வீட்டின் முன்னறை. சீசன் காலத்தில் மட்டும் வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுடைய மகன் கணினியில் எங்கள் விபரத்தைப் பதிந்து, அதன் பிரதியையும் எங்கள் கையில் தந்தார். வளசரவாக்கத்தில் “ஆர் வந்து கேக்கப் போகினம்” என்று சொன்னதை நினைத்துக்கொண்டேன். உறவினர் வீட்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், சகோதரிகள் இதை மறக்கவேண்டாம்.

நிபந்தனைகளும் இருந்தன. மச்சம் மாமிசம் கூடாது. இரவு பத்து மணிக்கு வெளிக்கதவு பூட்டப்படும். “நீங்க அங்க என்ன ஆளுங்க?” என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே கேட்டார். சமூகவியல் படித்தவளுக்கு அந்தக் கேள்வியின் நீள அகலம் தெரியும். எமது ஊரிலும் அதைக் கிணற்றடியில் கேட்பார்கள். “வன்னி ஆக்கள் அம்மா” என்றார் ரீச்சர். அவர் மேலும் கேட்கவில்லை.

இந்த இசை உலகம் மயிலாப்பூரோடு தொடங்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) இருந்தது வடக்கே ஜோர்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவருடைய வீட்டில் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்துவான்கள் வந்து அமைதியாக இருப்பார்களாம். நடன மேதை பாலசரஸ்வதி அவருடைய பேர்த்தி. தேவதாசி மரபில் வந்த அந்தப் பெண்களிடமிருந்து கற்றுக்கொண்ட உலகம் பின்னர் தெற்கே சபாக்களுக்கு இடம் பெயர்ந்தது. அக்கடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கிடைத்தது 1968 இல்தான், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. அடுத்தவர் டி.கே. பட்டம்மாள், 1970 இல். சேரிப்புறத்திலும் மீனவர் குப்பத்திலும் இந்தச் சங்கீதம் கேட்கட்டும் என்று 2015 முதல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பெசன்ட் நகர்க் கடற்கரையில், டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் விழா எடுத்ததும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. அதே கிருஷ்ணாவுக்குத்தான் நாங்கள் போன சீசனில் சங்கீத கலாநிதி. அதைப் பற்றி வழக்கு, வாதம் என்று அரங்குக்கு வெளியே ஒரே சூடு. கன்ரீன் வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து காப்பி ஆறும்வரை சண்டை பிடித்தார்கள்.

ஒரு நாளை வடக்கே போவதற்கென்று ஒதுக்கினோம். பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் முதலிடம் வேண்டும் என்று 1943 இல் தொடங்கிய சங்கம் அது. தேவாரப் பண்களைப் பற்றி ஆராய்ச்சிக் கூட்டங்களும் நடத்துவார்கள். எமது கோயில்களில் பஞ்சபுராணம் பாடி வளர்ந்த காதுக்கு அங்கே எல்லாம் பழகிய குரல் போல இருக்கும். சந்தை இரைச்சலைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே தங்கச் சொல்லமாட்டேன், ஆனால் போகாமல் வரவேண்டாம்.

மயிலாப்பூரில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு அமைந்தது. விடியற்காலையில் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் மார்கழிப் பஜனை போகும். பாபநாசம் சிவன் நெடுங்காலம் முன்னின்று பாடிப்போன வழி அது. கோலம் போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் கையை நிறுத்தாமலே கூடப் பாடுவார்கள். வெறுங்காலுடன் நடக்கும் கூட்டத்தில் தங்கச்சி செருப்புடன் போகத் தயங்கினாள். செயற்கைக் கால் செருப்போடு சேர்த்துத்தான் சமநிலை. அறைத் திண்ணையில் இருந்து கேட்டாள். பஜனை எங்கள் சந்து முனையால் திரும்பும்போது தெளிவாகக் கேட்கும். இதுவும் இடத்தின் பலன்தான்.

பிறகு அக்கடமியில் காலை விரிவுரை. அதற்குக் காசு இல்லை. மத்தியானக் கச்சேரிகளும் பல சபாக்களில் இலவசம். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனுக்கு அறையிலிருந்து ஆறேழு நிமிட நடை. நடுவில் அறைக்கு வந்து கால் கழற்றி, தயிர்ச்சோறு சாப்பிட்டு, திரும்பவும் நாலு மணிக்கு. இரவுக் கச்சேரிக்கு மட்டும் காசு கொடுத்துச் சீட்டு எடுத்தோம், அதுவும் மூன்று நாட்களுக்கு. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டி வேலி அடைத்திருந்ததால் நடைபாதை பல இடத்தில் இல்லை. இரவில் அந்த இடத்தை மட்டும் ஓட்டோவில் கடந்தோம். பகலில் தூரம் போவதற்குச் சாதாரணக் கட்டண அரச பஸ். 2021 மே மாதத்திலிருந்து அவற்றில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பேச்சைக் கேட்ட நடத்துநர் ஒருவர் “சிலோனா?” என்று சிரித்துவிட்டு, காசில்லாத சீட்டைக் கிழித்துத் தந்தார்.

ஒரு மாலை ரீச்சர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போக வேண்டும் என்றார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920களின் தொடக்கத்தில் துறவுக்குப் பயிற்சி பெற்றது மயிலாப்பூர் மடத்தில்தான். பின்னாளில் ‘யாழ் நூல்’ எழுதியவர். எமது மண்ணிலிருந்து இசையைத் தேடி இந்தத் தெருக்களுக்கு நாங்கள் முதலாவதாக வரவில்லை என்பதில் ரீச்சருக்கு ஒரு திருப்தி இருந்ததாகத் தெரிந்தது. அங்கே அவர் அதிக நேரம் இருந்தார்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு மத்தியானக் கச்சேரி. மண்டபத்தில் முப்பது பேர் வரை, பாதிப் பேர் முதியவர்கள், சிலர் நித்திரை. மேடையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. தோடி ராகத்தை எடுத்து, ஓரிடத்தில் தடுமாறி, கண்ணை மூடித் திரும்பவும் அந்த இடத்துக்கே வந்து அதைச் சரியாகப் பிடித்தாள். ரீச்சரின் கை தொடையில் விழுந்து எழும்பத் தொடங்கியது. தனி ஆவர்த்தனம் வந்ததும் வழக்கம்போலப் பலர் கன்ரீனுக்கு எழும்பிப் போனார்கள். ரீச்சர் அசையவில்லை.

அன்று இரவு நாங்கள் அறையில் விளக்கை அணைத்த பிறகு அவர் பாடினார். முதலில் வாய்க்குள், பிறகு கொஞ்சம் வெளியே. குரல் பிசிறியது, நடுவில் மூச்சு போதவில்லை, நிறுத்தி நிறுத்திப் பாடினார். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் நித்திரை போலக் கிடந்தோம். காலையில் வீட்டுக்கார அம்மா காப்பியுடன் வந்து, “நேத்து ராத்திரி பாடினது யாரும்மா?” என்று கேட்டார். சத்தம் போட்டதற்கு ஏச வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். “நான்தான்” என்றார் ரீச்சர். “அந்தக் கீர்த்தனையில ரெண்டாவது சரணத்தை விட்டுட்டீங்க” என்றுவிட்டு, அந்த அம்மா நிலையில் சாய்ந்தபடியே அதைப் பாடிக் காட்டினார். அன்று எட்டு மணி விரிவுரைக்கு நாங்கள் போகவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் ரீச்சரின் தங்கை வளசரவாக்கத்திலிருந்து புட்டுப் பொதியுடன் வந்தார். கோபம் அவருக்கு இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. அக்காவும் தங்கையும் குளத்தங்கரைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வந்தார்கள். பின்னர் நாலு மணிக் கச்சேரிக்கு நான்கு பேருமாகப் போனோம். சென்னையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தும் அவர் சபாவுக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவையாம்.

இந்த வருடம் போக எண்ணியிருப்பவர்களுக்குச் சில விபரங்கள். அறையை ஒக்டோபரிலேயே பேசி வையுங்கள், டிசம்பரில் மயிலாப்பூரில் அலைய வேண்டிவரும். பேசும்போதே இலங்கைக் கடவுச்சீட்டு என்று சொல்லிவிடுங்கள், பதிவு செய்து தருவார்களா என்று கேளுங்கள். கடவுச்சீட்டு, விசாப் பிரதிகள் ஆறேழு கொண்டு போங்கள். கால், இடுப்பு ஏலாதவர்கள் வாசற்படி எத்தனை, ரொயிலெற் எப்படி என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். வெளிக்கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஒன்பது மணிக்குப் பூட்டுகிற இடமென்றால் இரவுக் கச்சேரியின் பாதியில் எழும்பி ஓட வேண்டியிருக்கும்.